பெறுநர் கையெழுத்து

"ஆறு வருஷமா பின்னிக்கிட்டிருக்கோம். ஒருத்தராவது அதைப் போட்டுக்கிட்டு நடக்கிறதைக் கண்ணால பார்த்திருக்கோமா? சொல்லுங்க டீச்சர்!"

தபாலம்மா ஊசிகளை மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள். முப்பத்தொரு வருடம் தெருத்தெருவாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் அந்தப் பெயர்.

நூலகத்து மாடி அறையில் வியாழக்கிழமைதோறும் ஒன்பது பெண்கள் கூடி, ஊருக்கு வெளியே இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்காக ஸ்வெட்டர் பின்னினார்கள். எல்லோரையும் கூட்டிச் சேர்த்தவர் டீச்சர். மாதக் கடைசியில் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருபவரும் அவர்தான். கூட வேறு யாரையும் ஏற்றிக்கொண்டதில்லை.

"போய்ச் சேர்ந்துடுச்சுன்னு நான்தான் சொல்றேனே" என்றார் டீச்சர், பின்னலிலிருந்து கண்ணெடுக்காமல்.

"நீங்க சொன்னா ஆச்சா? கையெழுத்து வாங்காம ஒரு பார்சலைக் கைமாத்தினதில்ல நான்."

"அண்ணி, உங்க ஸ்வெட்டருக்குக் கையெழுத்து வேறயா?" அதே வட்டத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் கிண்டலடித்தாள். "ஒரு கை முழங்கையோட நின்னுடும், இன்னொரு கை முட்டி வரைக்கும் தொங்கும். வாங்கினவங்க புகார்தான் எழுதுவாங்க."

"நீ பின்னின கழுத்துல எவன் தலையும் நுழையாது. நீ பேசாதே!"

அறையே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் பார்க்கலாம்."

"இதையேதான் எப்பவும் சொல்றீங்க. போன தடவை கேட்டா அங்க எல்லாருக்கும் காய்ச்சல். அதுக்கு முந்தி கேட்டா வெள்ளையடிக்கிறாங்க. அப்படி எத்தனை தடவைதான் வெள்ளையடிப்பாங்க?"

டீச்சர் புதிதாக வந்த நூல் மூட்டையைப் பிரித்தார். அந்த நூல் எங்கிருந்து வருகிறது என்பதும் யாருக்கும் தெரியாது. பேர் சொல்ல விரும்பாத ஒரு நல்ல மனசு அனுப்புகிறது என்பார் டீச்சர். கடை நூல் இல்லை. நெளிநெளியாக, நூடுல்ஸ் மாதிரி இருக்கும். நடுநடுவே முடிச்சு வேறு.

"அந்த மகராசிக்கு நேரா ஒரு நூல் கிடைக்காதாமா?" என்றாள் நாத்தனார்.

"ஓசி நூலுக்கு இஸ்திரி வேற போட்டுத் தரணுமா?" என்று டீச்சர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

தபாலம்மா விடவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"வேலையில இருந்தப்ப கதவைத் தட்டினா ஒரு முகம் வரும் டீச்சர். எனக்காகக் காத்துக்கிட்டிருந்த முகம். இப்ப பின்னுறேன், போகுது. யாருக்காவது இது வேணுமா வேண்டாமான்னு கூடத் தெரியல. தெரியலைன்னா நான் இனிமே வரல."

ஓய்வு பெற்ற புதிதில் அவள் நாலு மாதம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், டீச்சர் வீடு தேடிப் போய் அவள் கையில் ஊசியைத் திணித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"அடுத்த மாசம் கண்டிப்பா" என்றார் டீச்சர்.

அன்று முடித்த மஞ்சள் ஸ்வெட்டரைத் தபாலம்மா பெட்டியில் போடவில்லை. தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பெட்டி மேல் ஒட்டியிருந்த முகவரியை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

மறுநாள் காலை, இரண்டு பஸ் மாறி இல்லத்துக்குப் போய் இறங்கினாள். பையில் ஸ்வெட்டரோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. 'பெறுநர் கையெழுத்து' என்று எழுதி, பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்தாள். அலுவலக அறைக்குள் போய் ஸ்வெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"டீச்சர் அனுப்பினாங்களா? வாங்க வாங்க!" இல்லத்து மேலாளர் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். "எல்லாரும் காலையிலேருந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஐயா, மஞ்சள் வந்திருக்கு!"

தபாலம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே உருட்டிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். அந்தக் காலத்தில் கடிகாரம் பழுது பார்த்தவராம். ஸ்வெட்டரை ஆசையாக வாங்கித் தடவினார். புரட்டினார். தையல் பிரித்து, நீளக் கையின் ஓரத்தில் கடைசி முடிச்சை விரலால் தேடிப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து நறுக்கென்று வெட்டி, நூலை இழுத்தார். நாலு நாள் பின்னிய கை சரசரவென்று கரைந்து, நெளிநெளியாக அவர் மடியில் விழுந்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க!"

"பதறாதீங்கம்மா" என்றார் அவர், உருண்டை சுற்றிக்கொண்டே. "இங்க ஆளுக்கு நாலு ஸ்வெட்டர் இருக்கு. இது நாங்க செய்யற தர்மம். ஊருக்குள்ள, ரிட்டயர் ஆகிச் சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த பொம்பளைங்க கொஞ்சம் பேர் இருக்காங்களாம். நூல் போகலைன்னா திரும்பவும் சுவரைத்தான் பார்ப்பாங்க, பாவம்."

மேலாளர் அம்மா கட்டி வைத்திருந்த நூல் மூட்டையைக் கொண்டுவந்து வைத்து, நோட்டைத் திறந்து நீட்டினாள்.

"நூல் வாங்கிக்கிட்டதுக்கு எப்பவும் டீச்சர்தான் போடுவாங்க. இன்னிக்கு நீங்க போடுங்க."

தபாலம்மா தன் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, நோட்டில் 'பெறுநர்' என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.