அறிவுமதியின் லேப்டாப்

"ஒரு பொண்ணோட ஆராய்ச்சி மொத்தத்தையும் அழிச்சிட்டு எப்படி நிக்கிறாங்க பாருங்க மேடம்!"

பேராசிரியர் சபாபதி போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் சென்டரே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

கடலூர் கெடிலம் பல்கலைக்கழகத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மாணவியர் நலக் குழுவுக்குத் தலைவர் வேறு. அப்படிப்பட்டவரே கத்துகிறார் என்றதும், டைரக்டர் புஷ்பவள்ளி தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"என் ஸ்டூடண்ட் அறிவுமதி லேப்டாப்பை இங்க சர்வீஸுக்குக் குடுத்திருந்தா. உங்க இன்ஜினியர் அதை ஃபார்மட் பண்ணித் தொலைச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு போன்ல அழுவுறா மேடம். என்னால கேக்க முடியல."

அறிவுமதியை எல்லோருக்கும் தெரியும். பிச்சாவரம் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். ஹாஸ்டலில் தங்கி, சபாபதியிடம் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்கு அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்ததே சபாபதிதான். அதற்காக அவரைப் பாராட்டாத ஆள் கிடையாது.

புஷ்பவள்ளி, சிஸ்டம் இன்ஜினியர் ஜெயராணியின் பக்கம் திரும்பினார்.

"ஃபார்மட் பண்ணியா?"

ஜெயராணி பேசவில்லை.

"கேக்குறேன்ல? காப்பியாவது எடுத்து வச்சியா?"

ஜெயராணி பீரோ சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அவுங்க வீட்ல இன்னும் வலை பின்னித்தான் சாப்புடுறாங்க," என்றார் சபாபதி, குரல் தழுதழுக்க. "அங்கேருந்து ஒரு பொண்ணு படிச்சு மேல வர்றா. நீங்களும் ஒரு பொம்பளதானேம்மா? அந்தக் கஷ்டம் தெரிய வேணாமா?"

பக்கத்து மேசையில் யாரோ 'உச்' கொட்டினார்கள்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றார் புஷ்பவள்ளி. "இப்ப நாங்க என்ன பண்ணணும், சொல்லுங்க."

"லேப்டாப்பை என்கிட்ட குடுங்க, போதும். பாண்டியில எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான். அழிஞ்சதைத் திருப்பி எடுத்துடுவான். நானே கையோட எடுத்துக்கிட்டுப் போறேன்."

"ஜெயராணி, குடுத்துடு."

"அந்தப் பொண்ணு வந்து கேக்கட்டும் மேடம். குடுக்கறேன்."

அவ்வளவு நேரம் வாய் திறக்காதவள் பேசிய முதல் பேச்சு அது. புஷ்பவள்ளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"செய்யறதையும் செஞ்சிட்டு உனக்குத் திமிர் வேறயா? இன்னைக்கே மெமோ வரும், வாங்கிக்க. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட போன்ல மன்னிப்பு கேளு."

"அதெல்லாம் எதுக்கு மேடம்?" சபாபதி அவசரமாகக் குறுக்கிட்டார். "பாவம், அவளே நொந்து போயிருக்கா. விட்டுடுங்க."

"இல்ல சார். தப்பு எங்க மேல. கேக்கத்தான் வேணும்."

புஷ்பவள்ளி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள் அறிவுமதி.

"வணக்கம் மேடம். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். இங்க டவரே கிடைக்கல. இப்பதான் லைன் வருது."

"அம்மா, உன் லேப்டாப் விஷயமா..."

"ரெடி ஆயிடுச்சா மேடம்? நானே வந்து வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

புஷ்பவள்ளி போனின் பக்கம் குனிந்தார்.

"அதுல இருந்ததெல்லாம் அழிஞ்சி போச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"ஐயோ! அழிஞ்சி போச்சா?" பதறினாள் அவள். "எனக்கு யாருமே சொல்லலியே மேடம்!"

"சபாபதி சார்கிட்ட நீ பேசலியா?"

"இல்லியே. லீவு விட்டதுலேர்ந்து நான் யாருகிட்டயுமே பேசல. மேடம், சார் அங்க இருக்காரா? அவருகிட்ட சொல்லுங்க மேடம், அவரு ஏதாவது வழி பண்ணுவாரு. எனக்கு அப்பா மாதிரி அவரு."

"அப்புறம் பேசறேன்மா."

புஷ்பவள்ளி போனை வைத்தார். எதிரில் இருந்தவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கே தெரியல. உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"அது... இங்க ஸ்டாஃப் யாரோ..."

"நான் யாருகிட்டயும் மூச்சு விடல மேடம்," என்றாள் ஜெயராணி. "அதுவுமில்லாம, நான் ஃபார்மட்டே பண்ணல. அவ ஆராய்ச்சி அப்படியே பத்திரமா இருக்கு."

"அப்புறம்?"

"அந்த லேப்டாப்ல ஒரு சாஃப்ட்வேரை ஒளிச்சு வச்சிருந்தாங்க மேடம். அதுல இருக்கிற காமிராவை அது தானாத் திறந்துடும். ஹாஸ்டல் ரூம்ல அந்தப் பொண்ணு இருக்கிறது, படுக்கிறது, துணி மாத்துறது, எல்லாத்தையும் வேற ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. பார்த்ததுமே ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல பூட்டிட்டேன். அதோட நின்னு போச்சு. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தவனுக்கு, நாம எல்லாத்தையும் அழிச்சிட்டோம்னுதான் தோணியிருக்கும்."

சபாபதி கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினார். கிடைக்கவில்லை.

புஷ்பவள்ளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு திட்டினேனே, ஏன் ஜெயராணி வாயை மூடிக்கிட்டு நின்ன?"

"யாருன்னு தெரியாதே மேடம். வெளியில சொன்னா உஷாராயிடுவான். அதான்... லேப்டாப்பைக் கேட்டு, அந்தப் பொண்ணுக்கு முன்னாடி யாரு ஓடி வர்றாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."