மண்ணை மிதிக்காத மாமன்

"கால கீழ வைக்க மாட்டேன். வேணும்னா வெமானத்தோட சேத்துக் கட்டி இழுத்துட்டுப் போங்க!"

தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாயின் நடுவில், இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டிப் பயிற்சி விமானத்துக்குள் இருந்துகொண்டு திருமுருகன் கத்தினான். புழுதி இன்னும் அடங்கவில்லை. காதுகுத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் பந்தலை விட்டுவிட்டு விமானத்தைச் சுற்றி நின்றது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த அமராவதிக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே! அடி கிடி பட்டுருச்சா?"

"ஒண்ணும் இல்ல ஆத்தா. சர்வீஸ் முடிஞ்ச பிளேன ஓட்டிப் பாக்கலாம்னு தனியாத்தான் கெளம்புனேன். ஒங்க ஊருக்கு நேரா வரயில இன்ஜின் நின்னுபோச்சு. எறங்க வேற எடம் இல்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மகளின் மொட்டைக்கு அடித்த பத்திரிகையில் தாய்மாமன் பெயர் நாலாவது வரிக்குப் போய்விட்டது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் சும்மா இருப்பாரா? "ஒம் புருசன் வெத்தலபாக்கோட வந்து கூப்புடாம இந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்" என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டுப் போனான் திருமுருகன். அவள் புருஷன் கண்ணுசாமி மட்டும் லேசுப்பட்டவனா? "நான் போயிக் கூப்புட்டா எம் மீசைய எடுத்துர்றேன்" என்று அதே இடத்தில் அவனும் சொன்னான். ஆவுடையார்கோவில் வட்டாரம் முழுக்க இந்தக் கதை தெரியும். நடுவில் கிடந்து அழுதவள் அமராவதிதான்.

அன்றைக்கே குத்தியிருக்க வேண்டிய காது தள்ளிக்கொண்டே போய், இன்றைக்குப் பத்தரைக்குள் முகூர்த்தம். சொந்த மாமன் உயிரோடு இருக்க, யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியிலா மகள் அன்புமொழியை உட்காரவைப்பது என்று இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. கண்ணுசாமிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. விருந்தாளிகள் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நாலு நாளாக டிராக்டரை வைத்துக் கண்மாயைச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். வந்ததென்னவோ இரண்டு கார்.

"மணி பத்தேகால் ஆச்சும்மா" என்றார், காது குத்த வந்த ஆசாரி.

கண்ணுசாமி வானத்தைப் பார்த்து, "நான் யாரையும் கூப்புடல" என்றான்.

திருமுருகன் இறக்கையைப் பார்த்து, "நானும் யாரும் கூப்புட்டு வரல. இன்ஜின் நின்னு வந்து எறங்குனேன்" என்றான்.

அமராவதி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ரெண்டு பேரும் ரோசத்தக் கட்டிக்கிட்டு அழுங்க. அண்ணே, நீ மண்ண மிதிக்க வேணாம். மடிய மட்டும் காட்டு!"

மகளைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள். மாணவன் உட்காரும் பக்கத்துச் சீட்டில் ஆசாரியை ஏற்றிவிட்டாள்.

"தம்பி, எதையும் அமுக்கிப்புடாதீங்க. நான் வீட்டுல சொல்லிட்டு வரல" என்றார் ஆசாரி, கையெடுத்துக் கும்பிட்டபடி. பிறகு, "தோடு?" என்று கேட்டார்.

திருமுருகன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். உள்ளே சிவப்புக்கல் தோடு மின்னியது.

அமராவதி அண்ணனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இன்ஜினு திடீர்னுதான நின்னுச்சு? தோடு எப்புடிண்ணே வந்துச்சு?"

"அது மூணு வருஷமா எம் பையிலயேதான் ஆத்தா கெடக்கு."

அவ்வளவுதான், அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அன்புமொழி கையில் வாழைப்பழத்தோடு வீல் என்று கத்த, பெண்கள் குலவை போட்டார்கள்.

கறிச்சோறும் விமானத்துக்குள்ளேயே போனது. மடியில் இலையை வைத்துக்கொண்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான் திருமுருகன்.

கடைசியாகக் கண்ணுசாமி தாம்பூலத் தட்டோடு வந்தான். "இது சாப்புட்டவங்களுக்குக் குடுக்குற வெத்தலபாக்கு. அழைக்கிற வெத்தலபாக்கு இல்ல. எல்லாரும் பாத்துக்கங்க!" என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, தட்டை நீட்டுகிற சாக்கில் தலையை உள்ளே விட்டான்.

அந்தப் பக்கம் குனிந்து எச்சில் இலையை எடுத்துக்கொண்டிருந்த அமராவதியை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"நீங்க போன்ல சொன்ன நீளத்துக்குத்தான் ஓட்டி வச்சேன். பத்துச்சா மச்சான்?"

"எறங்கப் பத்துச்சு மாப்ள. ஏறத்தான் இன்னும் நூறடி வேணும், டிராக்டர எடு!"