பல்பொடி போட்டுத் தேய்த்த பிஸ்டன்

"இது உயிர் போன எஞ்சின் வே. தூக்கிக் கெணத்துல போட்டுட்டு வேற சோலியப் பாரும்" என்றான் துல்கர்னைன்.

"உயிர் போவல. மூச்சுதான் ஒழுகுது" என்றான் நயினார், தலை நிமிராமல்.

தென்காசியில் நயினார் வீட்டு மேஜைமேல் எலுமிச்சம்பழ அளவில் கிடந்தது அந்தக் குட்டி விமான எஞ்சின். பந்தயம் விட்டு விட்டுப் பிஸ்டன் தேய்ந்துபோய், விசிறியைச் சுண்டினால் பிடிப்பே இல்லாமல் சுற்றியது.

நயினாரும், அவன் மனைவி சங்கரம்மாளின் அண்ணன் ஆதித்தனும் யுத்த காலத்தில் விமானப் படையில் மெக்கானிக்குகள். ஊர் திரும்பிய பிறகு மதராஸில் ஒரே மாதிரி ஆளுக்கொரு எஞ்சின் வாங்கினார்கள். சித்திரை விசுதோறும் இலத்தூரில் வற்றிய குளத்துக்குள் பந்தயம் நடக்கும். கம்பியில் கட்டிய குட்டி விமானங்கள் சுற்றிவர, கம்பியைப் பிடித்தபடி இருவரும் நடுவில் தோளோடு தோள் ஒட்டிச் சுழல வேண்டும். விலகி நின்றால் கம்பிகள் சிக்கிக்கொள்ளும்.

அப்படி ஒட்டியிருந்தவர்கள் போன ஆவணியில் பிரிந்தார்கள். நயினாரின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. ஆதித்தன் வந்து சேரத் தாமதமாயிற்று. முகூர்த்தம் தப்பிவிடும் என்று நயினார் குழந்தையை ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்திவிட்டான். சொந்தத் தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடியா? வாசல்வரை வந்த ஆதித்தன் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனான். அதன்பின் பேச்சு வார்த்தை இல்லை. வைகாசியில் இளையவளுக்குக் காது குத்த வேண்டும். அண்ணன் மடி இல்லாமல் குத்தவே கூடாது என்று சங்கரம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள்.

இந்த லட்சணத்தில் நயினாருக்கு எஞ்சின்தான் பெரிதாகப் போயிற்று என்று துல்கர்னைனுக்கு எரிச்சல். மருந்துக்கடைக்காரன் அவன். எஞ்சின் குடிக்கிற ஈதர் அவன் தயவில்தான் வந்தது.

"உம்ம மச்சான் இந்த வருசம் விமானமே விடப்போறதில்லையாம். எதிராளி இல்லாத பந்தயத்துக்கு ஏன் வே இந்தப் பாடு?"

"வருவான்" என்றான் நயினார்.

மயில்துத்தக் கரைசலில் பிஸ்டனைத் தொங்கவிட்டு, பாட்டரியை இணைத்துச் செம்பு பூசினான். முதல் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. சுரண்டிவிட்டு மறுபடி பூசினான். இப்போது தடித்துப்போய்ச் சிலிண்டருக்குள் நுழைய மறுத்தது. பல்பொடியை விளக்கெண்ணெயில் குழைத்து, பிஸ்டனை உள்ளே விட்டுத் திருகித் திருகித் தேய்த்தான். விரல்கள் காய்த்துப் போயின. உடும்புப் பிடிதான்.

விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவள் சங்கரம்மாள். அதுதான் துல்கர்னைனுக்குப் பிடிபடவே இல்லை. கூடப் பிறந்தவனைத் தோற்கடிக்க நீயே எண்ணெய் காய்ச்சலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டான்.

"அவிய தேய்க்கட்டும் அண்ணாச்சி. பாதியில விட்டா எனக்குத்தான் மனசு ஆறாது" என்றாள் அவள்.

ஆயிரம் இருந்தாலும் பெண்களுக்குப் புகுந்த வீடுதான் பெரிது என்று துல்கர்னைன் முடிவு கட்டிக்கொண்டான்.

விசுவுக்குச் சில நாள் இருக்கையில் எஞ்சின் ஒருமுறை சுண்டியதுமே உறுமியது. நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் சங்கரம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கோடு இலத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய், மதினியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

விசு அன்று குளத்துக்குள் நல்ல கூட்டம். வரமாட்டேன் என்ற ஆதித்தன் விமானத்தோடு வந்து நின்றான். நயினாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் வட்டத்துக்கு நடுவில் இரண்டு தோள்களும் ஒட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. விமானங்கள் சீறிக்கொண்டு கிளம்பின. கடைசிச் சுற்றில் ஆதித்தனின் விமானம் முந்திக்கொண்டது.

விமானங்கள் இறங்கியதும் துல்கர்னைன் நயினாரிடம் ஓடிவந்தான். "இம்புட்டுப் பாடுபட்டும் அந்தப் பாழாப்போன எஞ்சின் உம்ம காலை வாரிட்டுதே வே" என்று புலம்பினான். நயினாரோ ஜெயித்தவன்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆதித்தன் கம்பியைச் சுருட்டியபடி நேரே அவனிடம் வந்தான்.

"செத்துக் கெடந்த என் எஞ்சினத் தங்கச்சி மடியில கட்டிக்கிட்டு வந்ததும், நீரு செம்பு பூசித் திருப்பி அனுப்புனதும் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீரு மாப்ள? சின்னவளுக்குக் காதுகுத்து என்னைக்குன்னு சொல்லும், இந்தத் தடவ மொத நாளே வந்துருதேன்."