மேஜைக்கு அடியில் ஒரு பாட்டில்

"அந்த பாட்டிலை மேஜைக்கு அடியில வைம்மா. போட்டோவுல அசிங்கமா விழுது."

வர்ஷா மேடம் சொன்னதும் சட்டென்று உள்ளே தள்ளினேன். பச்சை நிறத்தில் இரண்டு லிட்டர் பாட்டில். காலையில் அம்மா என் பையில் திணித்தது.

"காலேஜ்ல தண்ணி இருக்கும்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருந்தா இன்னா? எடுத்துகினு போடி."

அம்பத்தூரில் நான் படித்த பெண்கள் கல்லூரி. முன்னாள் மாணவிகள் சந்திப்பு. 'தலைமை ஏற்ற நம் பெண்கள்' என்று பெரிய பேனர். அரங்கம் முழுக்க மேனேஜர்கள், டைரக்டர்கள். நான் போன வருஷம்தான் முடித்தேன். எங்கள் வீட்டின் முதல் டிகிரி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் மைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

வர்ஷா மேடம் வானகரத்தில் ஒரு பெரிய குடோனுக்கு ஹெச்.ஆர். தலைவர். காலையிலேயே என் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தார்.

"சௌம்யாவா? புதன்கிழமை இன்டர்வியூவுக்கு வா. இன்னிக்கு நீ எப்படி வேலை செய்யறேன்னு பார்த்துக்கறேன்."

அதன்பிறகு மூச்சு விடுவதைக்கூட கவனமாகத்தான் செய்தேன்.

ஆளுக்கு ஒரு நிமிஷம். 'தலைவியாக நான் செய்ததில் எனக்குப் பெருமையான ஒன்று.' இதுதான் தலைப்பு.

ஒருவர் சிங்கப்பூரில் கிளை திறந்திருந்தார். ஒருவர் வங்கியில் விருது வாங்கியிருந்தார். வர்ஷா மேடம் எழுந்தார்.

"எங்க குடோன்ல பாக்கிங் முழுக்க பெண்கள். முன்னூறு பேர். அத்தனை பேரையும் வேலைக்கு எடுத்தது நான்."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

கடைசியாக சாமுண்டீஸ்வரி என்பவர். திருமழிசை எஸ்டேட்டில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். பெயரையும் ஊரையும் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் தினமும் கேட்கும் பெயர். முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

"எங்க கம்பெனியில லேடீஸுக்கு டாய்லெட் கட்ட வெச்சேன். நாலு."

அரங்கம் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தது.

"அவ்வளவுதாங்க."

பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடியா இதைச் சொல்லணும்?"

சிரிப்பு பரவியது. வர்ஷா மேடம் என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"கோச்சுக்காதீங்க மேடம். அது மேஸ்திரி வேலை. லீடர்ஷிப் வேற."

இன்னும் பெரிய சிரிப்பு.

"இருக்கலாம்மா. எனக்கு அதுதான் பெருமை" என்று சொல்லிவிட்டு சாமுண்டீஸ்வரி மேடம் உட்கார்ந்தார்.

மைக் என்னிடம் திரும்பி வந்தது. நன்றி சொல்லிவிட்டு எல்லோரையும் சாப்பிட அழைக்க வேண்டும். அதுதான் என் வேலை. புதன்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

"நன்றி மேடம். அடுத்து மதிய..."

அதற்குமேல் வரவில்லை. குனிந்து பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"எங்கம்மா பேரு தாயம்மாள். இந்த மேடம் கம்பெனியிலதான் பிரஸ் மிஷின் ஓட்டறாங்க. முன்னாடியெல்லாம் காலையில கிளம்பினா சாயங்காலம் வீடு திரும்பற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. குடிச்சா எங்கே போறது? ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டர் தண்ணி குடின்னு திட்டுவார். அம்மா தலையாட்டிட்டு வந்துடுவாங்க."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ இந்த பாட்டிலை வாங்கிகினு வந்தாங்க. 'சாமுண்டி மேடம் மொதலாளிகிட்ட சண்ட போட்டு கட்டிட்டாங்கடி. இனிமே நான் தண்ணி குடிக்கலாம்'னாங்க."



"ஏய், மூணாவது பிரஸ் தாயம்மா பொண்ணா நீ?" சாமுண்டீஸ்வரி மேடம் எழுந்தே விட்டார். "நீ டிகிரி முடிச்சதுக்கு லைன் முழுக்க லட்டு குடுத்தாங்களே உங்கம்மா!"

அப்புறம்தான் கைதட்டல் வந்தது. அன்றைக்கு வேறு யாருக்கும் அவ்வளவு நேரம் தட்டவில்லை.

அது அடங்கியபோது வர்ஷா மேடத்தின் நாற்காலி காலியாக இருந்தது.

போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் அவரைச் சாப்பிட அழைக்க வேண்டியது நான்தானே. தேடிப் போனேன். வராந்தாவில் முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம குடோன் லேடீஸ் டாய்லெட்டைத்தான் கேக்கறேன் ரகுநாதன். முன்னூறு பேருக்கு எத்தனை?... ரெண்டா?... அதுல ஒண்ணு பூட்டியிருக்கா?"

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"யாரும் கேட்டதில்லைன்னா எப்படி? அவங்க தண்ணியே குடிக்கறதில்லைய்யா!"

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"சாப்பாடு ரெடி மேடம்" என்றேன். பயத்தோடு, "புதன்கிழமை நான்..." என்று இழுத்தேன்.

"வா சௌம்யா. அந்த பாட்டிலையும் எடுத்துட்டு வா" என்றார். "ஆபீஸ்ல என் மேஜை மேலயே வை."