மீனாட்சி பேரில் ஒரு கணக்கு

உஸ்மான் சாலை நெரிசலில் ஆட்டோ நின்றுபோனது. கனகராஜ் மனைவியின் மடியில் மறுபடி ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

“இன்னொரு தடவ கையெழுத்துப் போடு. ‘மீ’க்கு மேல அந்தச் சுழி பெருசா வரணும். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தான் போட்ட.”

மீனாட்சி போட்டாள். இதோடு பதினோராவது.

கனகராஜ் மணி பார்த்தார். மூன்று மணிக்குள் பணம் கைமாறாவிட்டால் அவர் பேசி வைத்திருக்கும் பாண்டி பஜார் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். கொடுத்த அட்வான்சும் அம்போ. கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினால் தீர்ந்தது கதை.

கணக்கு என்னவோ அவருடைய சாமர்த்தியம்தான். பதினைந்து வருஷச் சேமிப்பான பி.பி.எஃப். கணக்கில் வட்டிக்கு ஒரு பைசா வரி கிடையாது. ஆனால் ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. அதனால் தன் பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று.

போன கடை நஷ்டத்தில் மூழ்கியபோது அவர் கணக்கு துடைத்துக்கொண்டு போனது. மீனாட்சியின் நகைகளும் போயின. தாலிகூட இப்போது மஞ்சள் கயிற்றில்தான்.

“ஏங்க, இன்னைக்கு எடுக்கலைன்னா வட்டி நின்னுருமா?”

“அதெல்லாம் உனக்கெதுக்கு? காட்டுற எடத்துல போட்டாப் போதும்.”

வங்கிக்குள் நுழைந்தபோது மணி இரண்டு இருபது. கடை உரிமையாளர் போனில் கத்திக்கொண்டே இருந்தார். கனகராஜ் வெளியே போய் அவரைக் கெஞ்சிச் சமாளித்துவிட்டு ஓடி வருவதற்குள் மீனாட்சியின் டோக்கன் வந்துவிட்டது. படிவம் அதிகாரி பரத்வாஜ் கையில் இருந்தது.

பரத்வாஜ் கணினியில் பழைய கையெழுத்தைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அச்சு அசல் அதே கையெழுத்து. முடிஞ்சது, போலாம்.”

கனகராஜுக்கு உயிர் திரும்பி வந்தது. பெருமையாக மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“பணம் எப்ப சார் வரும்? மூணு மணிக்குள்ள கெடைச்சிருமா?”

“எந்தப் பணம்?” பரத்வாஜ் குழப்பத்தோடு மீனாட்சியைப் பார்த்தார்.

மீனாட்சி பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எடுக்கலைங்க. இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்.”