ஆற்றின் வாரிசு

நொய்யல் இறந்துவிட்டதென்று போன மாதம் நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்தது. சட்டப்படி ஆறும் ஓர் ஆள்தான். சாயப்பட்டறைகள் மேல் அது போட்டிருந்த வழக்கும் அதோடு செத்துப்போகும், வாரிசு வந்து நின்றாலொழிய. யாருடைய ரத்தம் ஆற்றுத் தண்ணீரோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அவரே வாரிசு என்றது உத்தரவு.

ஆற்றின் காப்பாளராக இத்தனை வருஷமும் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவள் வேலாத்தாள். தன் ரத்தம்தான் பொருந்தும் என்று முதல் ஆளாய்க் கையை நீட்டினாள். பின்னாலேயே ஊர் மொத்தமும் நீட்டியது.

முடிவு வந்த காலையில் வக்கீல் ஷகிலா கோர்ட்டு வாசலுக்கே ஓடி வந்தாள்.

"அக்கா, கேஸ் பொழச்சுக்கிச்சு! வாரிசு கெடைச்சாச்சு." அடுத்ததைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. "உங்க மக நிறைமதிதானுங்க்கா."

"அவ அந்தத் தண்ணியத் தொட்டதுகூட இல்லீங்களே! கொழாத் தண்ணியக்கூட நம்பாம, எங்க தோப்பு எளநியக் குடுத்துத்தானுங்க வளத்தேன்."

ஆற்றங்கரைத் தோப்பு அது.

மதியம் வழக்கைக் கூப்பிட்டார்கள். ஒன்பது வயது நிறைமதி கூண்டேறி, சொல்லிக்கொடுத்தபடி கும்பிட்டாள். பட்டறைகளின் வக்கீல் எழுந்து இன்னொரு வாய்தா கேட்டார்.

"வாரிசு சின்னப் பொண்ணுதானே, மை லார்ட். என்ன அவசரம்?"

நீதிபதி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்.

நிறைமதி இறங்கி ஓடி வந்தாள். "அம்மா, தாகமா இருக்குது."

பைக்குள் போன வேலாத்தாளின் கை, இளநீர் பாட்டிலைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டது.