முறத்தை முதலில் கீழே வைத்தது யார்?

"முதல் குற்றம், லதீஃபாவின் ஆய்வுக் கட்டுரையைச் சிவப்பு மையால் கோடு கோடாக அடித்தது. இரண்டாம் குற்றம், எங்கள் சங்கத் துண்டறிக்கையை அவள் காட்டிய இடத்தில் 'இது மட்டும் ஆதாரம் ஆகாது' என்று எழுதியது. மூன்றாம் குற்றம், 'தொழிலாளர்கள் பொங்கி எழுந்தனர்' என்ற வரிக்குப் பக்கத்தில், 'முதலில் யார்? பெயர்?' என்று கேட்டது."

வாசித்து முடித்த எங்கள் சங்கத் தலைவர் நல்லசிவம் அண்ணன் டீச்சரை முறைத்தார்.

"எமர்ஜென்சி முடிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகுது. பெயர் கேக்குறது போலீஸ் வேலை. நீங்க டீச்சரா, சி.ஐ.டி.யா?"

கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு வேலைநிறுத்தம் பற்றிய கட்டுரை அது. இன்று சாயங்காலத்துக்குள் கமலாக்ஷி டீச்சர் கையெழுத்துப் போடாவிட்டால் மகளுக்கு ஒரு வருடம் போய்விடும் என்று லதீஃபாவின் வாப்பா சைபுதீன் சங்க ஆபீசில் வந்து புலம்பினார். கொடியோடு டீச்சரின் அறைக்குக் கிளம்பிவிட்டோம்.

துண்டறிக்கையில் எழுத்துப் படித்தவர்கள் நாங்கள். சிவப்பு எங்கள் நிறம். அது ஒரு டீச்சரின் பேனாவில் இருந்தால் எங்களுக்குப் பொறுக்காது.

"இரிக்கூ சேட்டா," என்று நாற்காலியைக் காட்டினார் டீச்சர். மேசையில் அவருடைய சாயா ஆறிக்கொண்டிருந்தது. "வேலைநிறுத்தம் தொடங்கின அன்னைக்கு நீங்க எங்கே இருந்தீங்க?"

"பாத்தீங்களா, மறுபடியும் விசாரணை!"

"துண்டறிக்கையிலே 'தோழர் நல்லசிவத்தின் அறைகூவலை ஏற்று'ன்னு இருக்கு. அதான் கேட்டேன்."

"எறணாகுளத்துல. பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தேன்."

"அப்போ கிடங்குக்குள்ளே முதல்லே முறத்தைக் கீழே வெச்சது யாரு?"

"எல்லாரும் சேந்துதான். நாங்க யார் பேரையும் சொல்றதில்ல. சொன்னா முதலாளி சீட்டைக் கிழிச்சிருவான்."

"உங்க பேரு மட்டும் இருக்கே?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் திரும்பியதும் சிரிப்பு நின்றது.

பின்னால் கொடி பிடித்திருந்த மாயம்மாள் வாசலைக் காட்டி, "அந்தப் புள்ளையப் பேச விடுங்கண்ணே," என்றாள்.

"நீ கொடியப் புடி மாயம்மா. பேசுறத நான் பாத்துக்கிடுதேன்."

வாசலில் மூச்சிரைக்க நின்றாள் லதீஃபா. புதிதாக எழுதிய தாள்களோடு மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், கிடங்குக்குப் போய் ஒவ்வொருத்தரையா தனியாக் கேட்டேன். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க. திருத்தி எழுதிட்டேன்."

டீச்சர் தாள்களை வாங்கவில்லை. "அந்தப் பேருக்காரங்ககிட்டே கேட்டியா, எழுதலாமான்னு?"

"இல்லை டீச்சர்."

"அப்போ கையெழுத்து இல்லை. அவங்க வேண்டாம்னு சொன்னா அந்தப் பேரு வேண்டாம். அவங்களுக்கு வேலை போனா உன் கட்டுரை சோறு போடுமா?"

அண்ணன் துள்ளி எழுந்தார். "நாலாவது குற்றம்! வேணும்னு கேட்டதும் இவங்க, இப்ப வேண்டாம்னு மறைக்கிறதும் இவங்க. நீ படி மோளே! எல்லாரும் சாட்சியாக் கேக்கட்டும்!"

லதீஃபா படிக்கவில்லை. எங்கள் தலைகளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள்.

அங்கே கொடிக்கம்பம் மெல்லச் சுவரில் சாய்ந்தது.

"இனிமே எந்த முதலாளி என்ன செஞ்சிருவான்? படி தாயி," என்றது ஒரு குரல்.

டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

மலையாளத்தில் எழுதியிருந்ததை எங்களுக்காகத் தமிழில் வாசித்தாள் லதீஃபா:

"சங்கத்தின் அறைகூவல் வருவதற்கு முன்பே, மிளகு புடைத்துக்கொண்டிருந்த முறத்தை முதலில் கீழே வைத்து எழுந்து நின்றவர், மாயம்மாள்."